செம்மறி ஆடு வளர்ப்பு: குட்டி ஈன்ற முதல் ஒரு மணி நேரம் ஏன் முக்கியம்? தினசரி கவனிப்பு முதல் பிரசவச் சிக்கல் வரை முழு விவரம்

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுச்சு, காலையில பார்த்தா செத்துக் கிடக்குது." செம்மறி ஆடு வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஆனா பெரும்பாலான ஆடுகள் ஒரே ராத்திரியில் நோய் வந்து சாவதில்லை. முந்தைய நாளே, சில நேரம் முந்தைய வாரமே அறிகுறி காட்டியிருக்கும். கூட்டத்தில் அது நம் கண்ணில் பட்டிருக்காது.

குட்டி விஷயத்தில் அவகாசம் இன்னும் குறைவு. பெரிய ஆட்டுக்கு ஒரு நாள் கிடைக்கும் என்றால், பிறந்த குட்டிக்கு சில மணி நேரம்தான். அதற்குள் மூச்சு, சூடு, சீம்பால் இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் குட்டி தப்பிக்கும்.

2019-ம் ஆண்டு எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறி ஆடுகள் இருக்கின்றன. மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வெம்பூர், கீழக்கரிசல், திருச்சி கருப்பு, நீலகிரி என்று நம்ம ஊர் இனங்களே பல. நிலம் இல்லாத குடும்பங்களுக்கு ஆடுதான் ஏடிஎம். பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு எல்லாம் அதிலிருந்துதான்.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்கள். சினைக்காலம் 5 மாதம். குட்டி பால் மறக்க 3 மாதம். நம்ம ஊர் இனங்கள் பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். ஆக, அந்த ஒரு குட்டி செத்தால் அந்த ஈற்றே வீண். அதைத் தடுக்க என்ன செய்யணும்? தினசரி கவனிப்பில் ஆரம்பித்து பிரசவ நேரம் வரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே பார்வையில்: மனசில் வைக்க வேண்டிய எண்கள்

* செம்மறி ஆட்டின் இயல்பான உடல் சூடு: சுமார் 102 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட் (39 முதல் 40 டிகிரி செல்சியஸ்)
* சினைக்காலம்: சராசரியாக 147 நாள்
* பனிக்குடம் உடைந்து, ஆடு முக்கியும் முன்னேற்றம் இல்லை என்றால் காத்திருக்கும் நேரம்: அரை மணி, அதிகபட்சம் ஒரு மணி நேரம்
* முதல் சீம்பால்: பிறந்து 1 முதல் 2 மணி நேரத்துக்குள்
* நஞ்சுக்கொடி விழ: வழக்கமாக 2 முதல் 6 மணி நேரம்
* கால்நடை மருத்துவ அவசர உதவி எண்: 1962

ஆடு ஏன் நோயை வெளியே காட்டாது?

செம்மறி, கூட்டமாக வாழப் பழகிய விலங்கு. மந்தையில் தளர்ந்து நிற்கும் ஆட்டைத்தான் ஓநாயோ நாயோ முதலில் குறிவைக்கும். அதனால் உடம்பு முடியாவிட்டாலும் கடைசி வரை கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நடக்கும். தலையைக் குனிந்து மேய்வது போல நிற்கும். ஆனா வாயில் புல் போகாது.

அதனால்தான் "தனியா ஒதுங்கி நிக்குது" என்று நாம் கவனிக்கும்போது, நோய் பாதி தூரம் போயிருக்கும். இதற்கு ஒரே வழி, தினமும் ஒரே நேரத்தில் பார்ப்பது.

தினமும் காலையில் 5 நிமிடம்: என்ன பார்க்கணும்?

பட்டியைத் திறந்து விடும் நேரம்தான் சரியான நேரம். வாசலில் நின்று, ஒவ்வொன்றாக வெளியே வரவிட்டுப் பாருங்கள்.

* கடைசியாக வருவது எது? தினமும் முன்னால் ஓடுகிற ஆடு இன்றைக்குப் பின்தங்கினால் அதுதான் முதல் அறிகுறி.
* நடை: நொண்டுகிறதா? முழங்கால் போட்டு மேய்கிறதா?
* மூக்கு, கண்: சளி, பீளை, புழுதி ஒட்டிய ஈரம் இருக்கிறதா?
* பின்பக்கம்: வால் பகுதியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா? நல்ல ஆட்டின் புழுக்கை தனித்தனியாக, உருண்டையாக இருக்கும்.
* அசை: படுத்திருக்கும் நல்ல ஆடு அசை போட்டுக்கொண்டிருக்கும். தீனி தின்ற பிறகும் அசை போடாமல் காதைத் தொங்கப் போட்டிருந்தால் கவனிக்கணும்.
* இடது பக்க வயிறு: மத்தளம் மாதிரி உப்பியிருக்கிறதா?

சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டர் வையுங்கள். ஆசனவாயில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். 104-க்கு மேல் போனால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் மேய்ந்து வந்த ஆட்டுக்கு சூடு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். நிழலில் நிறுத்தி, அப்புறம் பாருங்கள்.

குடற்புழு: கண் இமையைப் பார்த்தாலே தெரியும்

ஆட்டை மெலிய வைப்பதில் முதலிடம் குடற்புழுவுக்குத்தான். அதிலும் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் 'ஹீமாங்கஸ்' என்ற புழுதான் மோசமானது. மழைக்குப் பிறகு வரும் ஈரப் புல்லில் இதன் குஞ்சுப் புழுக்கள் ஏறி நிற்கும். அதிகாலைப் பனி காய்வதற்கு முன் மேயவிடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ரத்தம் குறைவதைக் கண்டுபிடிக்க லேப் தேவையில்லை. ஆட்டின் கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் பிரச்னை இல்லை. வெளிறிய ரோஸ் நிறம் என்றால் எச்சரிக்கை. காகிதம் போல வெள்ளையாக இருந்தால் உடனடி சிகிச்சை தேவை. தென்னாப்பிரிக்காவில் உருவான 'ஃபமாச்சா' என்ற நிற அட்டை முறை, இந்தச் சோதனையை 5 படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. இமை வெளுப்போடு கீழ்த்தாடையில் நீர்கோத்த வீக்கமும் இருந்தால் புழு முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே பலர் செய்கிற ஒரு விஷயம் உண்டு. ஒரே மருந்தை வருஷக்கணக்கில், எல்லா ஆட்டுக்கும், குத்துமதிப்பாக ஒரே அளவில் ஊற்றுவது. எடைக்குக் குறைவாக மருந்து போனால் பலவீனமான புழு சாகும், பலமானது தப்பும். அது பெருகினால் அப்புறம் அந்த மருந்தே வேலை செய்யாது. அதனால் எடை பார்த்துக் கொடுக்கணும். புழுக்கையைக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்து சோதித்து, எந்த மருந்து என்று கேட்டுக் கொடுக்கணும்.

கவனம்: பரவலாகக் கிடைக்கும் அல்பெண்டசோல் மருந்தை, சினையின் ஆரம்ப வாரங்களில் கொடுத்தால் கருவில் ஊனம் ஏற்பட வாய்ப்பு உண்டு. கிடா சேர்த்த பிறகு எந்த மருந்தானாலும் டாக்டரிடம் "சினையா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, மருந்து ஊற்றும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கக் கூடாது. மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போனால் மருந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புழு சாவதற்கு முன் ஆடு செத்துவிடும்.

குளம்பும் வயிறும்

ஈரமான, சாணிச் சேறு நிறைந்த பட்டியில் குளம்பு அழுகும். விரலிடுக்கில் நாற்றமும் புண்ணும் இருக்கும். வளர்ந்த குளம்பைச் சீவி, 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட் கலந்த கரைசலில் நிற்க வைப்பது வழக்கமான சிகிச்சை. அந்தத் தண்ணீரை ஆடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளணும். பட்டி காயாமல் குளம்பு மட்டும் குணமாகாது. மேடான இடம், நீர் வடியும் தரை, மழைக்காலத்தில் இடம் மாற்றிப் போடும் கிடை, இவைதான் நிரந்தரத் தீர்வு.

வயிற்றுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் நாம் கொடுப்பதில்தான் வருகிறது. கல்யாண வீட்டு மிச்சச் சோறு, களத்தில் சிந்திய நெல், மக்காச்சோளம் இவற்றை ஆடு ஆசையாகத் தின்னும். பழக்கமில்லாத தானியம் ஒரேயடியாகப் போனால் வயிற்றில் அமிலம் கூடி, அசை நின்று, ஒரே நாளில் ஆடு சாயலாம். ஆப்ப சோடா 10 முதல் 20 கிராம் தண்ணீரில் கலந்து கொடுப்பது முதலுதவி மட்டுமே. டாக்டர் பார்க்க வேண்டும். வாயு உப்புசம் என்றால் 50 முதல் 100 மில்லி சமையல் எண்ணெய் கொடுத்து, ஆட்டை நிற்க வைத்து நடக்க விடலாம். மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரில் சயனைடு நச்சு இருக்கும். அதில் மேயவே விடாதீர்கள். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையையும் செம்மறிக்கு அப்படியே போடக் கூடாது. செம்மறி ஆட்டுக்கு தாமிரச் சத்து கொஞ்சம் கூடினாலும் விஷம். செம்மறிக்கென்று விற்கும் கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசி: எந்த நோய்க்கு, எப்போது?

துள்ளுமாரி: மழை பெய்து, இளம்புல் முளைத்ததும் வரும் நோய். கொழுகொழுவென்று நன்றாக வளர்கிற குட்டிதான் முதலில் விழும். துள்ளி விழுந்து சாவதால் இந்தப் பேர். சிகிச்சைக்கு நேரமே கிடைக்காது, அதனால் தடுப்பூசி மட்டுமே வழி. முதல்முறை போடும்போது சில வாரம் கழித்து இரண்டாவது டோஸ் அவசியம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்.

ஆட்டுக்கொல்லி நோய் (பிபிஆர்): காய்ச்சல், மூக்கில் கெட்டிச் சளி, வாய்ப்புண், நாற்றக் கழிச்சல், இருமல். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பகுதி அரசூரில். இதன் உறவுக்கார வைரஸால் வந்த மாட்டு வெக்கை நோய், 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டது. பிபிஆரையும் 2030-க்குள் ஒழிப்பது சர்வதேச இலக்கு. குட்டிக்கு 3 முதல் 4 மாத வயதில் தடுப்பூசி போட்டால் சுமார் 3 வருடம் பாதுகாப்பு.

நீலநாக்கு நோய்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெருகும் சின்னக் கொசு போன்ற பூச்சிகள் கடித்துப் பரவுவது. முகம், உதடு வீங்கும். குளம்பு மேல் விளிம்பு சிவந்து நடக்க முடியாது. நாக்கு நீலமாவது எல்லா ஆட்டிலும் தெரியாது. வாய்ப்புண்ணால் தின்ன முடியாத ஆட்டுக்குக் கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் கொடுத்துத் தேற்றணும். தடுப்பூசியை மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சாயங்காலம் பட்டியில் புகை போடுவது பூச்சியைக் குறைக்கும்.

ஆட்டம்மை, கோமாரி: 3 மாதத்துக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு ஆட்டம்மை ஊசி போடலாம். கோமாரிக்கு அரசு முகாம் எப்போது என்று அருகிலுள்ள மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடைப்பான்: திடீரென்று செத்த ஆட்டின் மூக்கு, ஆசனவாயிலிருந்து உறையாத கறுப்பு ரத்தம் வடிந்தால் அதை அறுக்கவே கூடாது. இந்த நோய் மனிதருக்கும் பரவும். தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். சொல்லும் இடத்தில், ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்.

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே மந்தையில் சேர்ப்பதுதான் நோய் உள்ளே வரும் பெரிய வழி. 2 முதல் 3 வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

சினை ஆடு: கடைசி 6 வாரம்தான் எல்லாமே

கருவில் குட்டியின் எடையில் சுமார் 70 சதவீதம் கடைசி 6 வாரத்தில்தான் கூடுகிறது. ஆனா அதே சமயம் வயிற்றில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் தாய் ஆட்டால் நிறைய தின்ன முடியாது. வெறும் காய்ந்த புல்லை மட்டும் மேய்ந்தால், தாய் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் குட்டிக்குக் கொடுக்கும். அது எல்லை மீறினால் 'சினை நச்சு' என்ற நிலை வரும். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கும், ரொம்ப மெலிந்த அல்லது ரொம்பக் கொழுத்த ஆட்டுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

அறிகுறி இதுதான்: தீனி எடுக்காது, பல்லைக் கடிக்கும், கண் தெரியாதது போல முட்டிக்கொண்டு நிற்கும், மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் போல ஒரு வாடை வரும். படுத்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

அதைத் தவிர்க்க, கடைசி மாதம் தினமும் 200 முதல் 250 கிராம் அடர் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொடுக்கலாம். கூடவே அகத்தி, சூபாபுல், வேம்பு மாதிரியான தழைகள். நீண்ட தூரம் நடக்க வைப்பது, நாய் துரத்துவது, குறுகிய வாசலில் நெருக்குவது எல்லாம் கருச்சிதைவில் முடியலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம்: ஈற்றுக்கு 4 முதல் 6 வாரத்துக்கு முன் தாய்க்குத் துள்ளுமாரி தடுப்பூசி போட்டால், அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். ஒரு ஊசியில் இரண்டு உயிருக்குப் பாதுகாப்பு.

கிடா சேர்த்த தேதியைச் சுவரிலோ போனிலோ குறித்து வையுங்கள். ஜூலை முதல் வாரம் சேர்த்தால், ஈற்று நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கம். அதாவது மழையும் குளிரும் நீலநாக்கும் சேர்ந்து வரும் நேரம். அந்த வாரத்தில் கொட்டகையில் ஒரு மூலை காய்ந்து இருக்கணும் என்பதை 5 மாதம் முன்பே திட்டமிட முடியும். கிடா எப்போதும் மந்தையோடே இருந்தால் இந்தக் கணக்கே போட முடியாது.

குட்டி போடும் நேரம்: எது இயல்பு?

மடி இறுகும், பின்பக்கம் தளரும். ஆடு ஒதுங்கிப் போய் தரையைக் காலால் பறிக்கும். படுக்கும், எழும். இது 2 முதல் 6 மணி நேரம் நீடிக்கலாம். தலையீத்து ஆட்டுக்கு இன்னும் கூடலாம். இந்தக் கட்டத்தில் தொந்தரவு செய்யாமல் தூரத்தில் நின்று பார்ப்பதே உதவி.

அடுத்தது பனிக்குடம் தெரியும். அங்கிருந்துதான் கடிகாரத்தைப் பார்க்கணும். சரியான நிலையில் வரும் குட்டி, நீச்சல்காரர் தண்ணீரில் பாய்வது போல இருக்கும். இரண்டு முன்னங்கால் முதலில், அதன் மேல் மூக்கு. இப்படி வந்தால் 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே பிறந்துவிடும். இரட்டை என்றால் அடுத்த குட்டி பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத்தில் வரும்.

எப்போது தலையிடணும்?

* பனிக்குடம் உடைந்து, ஆடு பலமாக முக்கியும் அரை மணி நேரமாக முன்னேற்றம் இல்லை
* ஒரே ஒரு கால் மட்டும் தெரிகிறது
* தலை மட்டும் வெளியே, கால் இல்லை
* கால் இரண்டும் தெரிகிறது, தலையைக் காணோம்
* வால் மட்டும் தட்டுப்படுகிறது
* நாற்றம் பிடித்த, பழுப்பு நிற நீர் வடிகிறது

இதில் எதுவாக இருந்தாலும் முதல் வேலை, போனை எடுத்து மருத்துவரைக் கூப்பிடுவது. அவர் வர நேரமாகும் என்றால், அனுபவம் உள்ளவர்கள் மட்டும் மெதுவாக முயலலாம்.

கை விடுவதற்கு முன்: நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டுங்கள். வழுவழுப்புக்கு மருத்துவ ஜெல் அல்லது சுத்தமான திரவ பாரஃபின் நிறைய வேண்டும். உலர்ந்த கை கருப்பையைக் கிழிக்கும்.

முன்னங்காலா, பின்னங்காலா? விரல் பட்டதும் இதைத்தான் முதலில் கண்டுபிடிக்கணும். குளம்புக்கு மேலே உள்ள இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று எதிர்ப்பக்கம் மடங்கினால் பின்னங்கால். பின்னங்கால் இரண்டும் முன்னால் வந்தால் குட்டியைத் திருப்ப முயற்சிக்க வேண்டாம். அப்படியே பிறக்கும். ஆனா இடுப்பு வெளியே வந்த பிறகு தாமதிக்காமல் எடுத்துவிடணும். தொப்புள் கொடி நசுங்கி, தலை உள்ளே இருக்கும்போதே குட்டி மூச்சு இழுத்து நீரைக் குடித்துவிடும்.

தலை மடங்கியிருந்தால்: காலைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுக்க இழுக்கத் தலை இன்னும் பின்னால் மடங்கும். ஆடு முக்காத நேரத்தில் குட்டியை மெதுவாக உள்ளே தள்ளி, இடம் உண்டாக்கி, தலையை நேராக்கணும். இழுப்பது ஆடு முக்கும்போது மட்டும். திசை, ஆட்டின் பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழே சாய்வாக.

10 முதல் 15 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். கருப்பை வாய் விரியாமல் இருக்கலாம், குட்டி பெரிதாக இருக்கலாம். அதற்கு ஊசியோ அறுவை சிகிச்சையோதான் வழி. நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தால் தாயும் போகும், குட்டியும் போகும்.

பிறந்த முதல் ஒரு மணி நேரம்: 4 வேலை

1. மூச்சு. மூக்கு, வாயில் உள்ள சளியைத் துடையுங்கள். மூச்சு விடாவிட்டால் வைக்கோல் துரும்பால் மூக்குத் துளையில் லேசாகக் குத்துங்கள். சாக்குத் துணியால் விலாவைத் தேயுங்கள். பின்னங்காலைப் பிடித்துச் சுழற்றும் பழக்கம் வேண்டாம். கை வழுக்கினால் குட்டி போய்விடும்.

2. சூடு. தாய் நக்குவதுதான் முதல் சிகிச்சை. அது குட்டியை உலர்த்தும், ரத்த ஓட்டத்தைத் தூண்டும், தாய்க்குத் தன் குட்டியின் வாடையைப் பழக்கும். அதனால் தாயிடமிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். குட்டியைத் தாயின் மூக்குக்கு முன்னால் வையுங்கள்.

3. தொப்புள் கொடி. நீளமாக இருந்தால் சுமார் 2 அங்குலம் விட்டுக் கட்டி, சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, டிஞ்சர் அயோடினில் முழுசாக நனையுங்கள். இதை விட்டால் தொப்புள் வழியாகக் கிருமி ஏறி, ஒன்றிரண்டு வாரத்தில் மூட்டு வீங்கி குட்டி நொண்டும்.

4. சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே போய்ச் சேரும். ஆட்டுக்குட்டிக்கு அப்படி இல்லை. பிறக்கும்போது அதன் கையில் எந்த ஆயுதமும் கிடையாது. எல்லாமே சீம்பாலில்தான் வரும். அதை உறிஞ்சும் வாசல் குட்டியின் குடலில் நேரம் ஆக ஆக மூடிக்கொண்டே வரும், சுமார் 24 மணி நேரத்தில் முழுசாக மூடிவிடும். மறுநாள் எவ்வளவு கொடுத்தாலும் எதிர்ப்புச் சக்தி ஏறாது.

அளவு என்ன? ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 50 மில்லி. 2.5 கிலோ குட்டிக்கு 125 மில்லி, முதல் நாளில் 4 வேளை. தாயிடம் நேரடியாகக் குடித்தால் அளவு பார்க்க வேண்டியதில்லை. ஆனா குடிக்கிறதா என்று பார்க்கணும். இரண்டு காம்பையும் ஒரு தடவை பீச்சி, அடைப்பு நீங்கியதா என்று உறுதி செய்யுங்கள். அந்த ஒரு பீச்சு போதும். "முதல் பால் ஆகாது" என்று முழுசாகக் கறந்து கீழே விடுவது, குட்டியின் உயிரையே கீழே ஊற்றுவது போல.

தாய்க்குப் பால் இல்லையா? அதே நாளில் ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் மாட்டுச் சீம்பால். ஃப்ரீசரில் வைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்து உருக்குங்கள். அடுப்பில் வைக்காதீர்கள். நாம் வீட்டில் சீம்பாலைக் காய்ச்சினால் கட்டியாகுமே, அப்படிக் கட்டியாகும்போது குட்டிக்கு வேண்டிய சத்தும் கெட்டுவிடும்.

குட்டி சில்லென்று ஆகிவிட்டால்?

விரலைக் குட்டியின் வாய்க்குள் விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்து, விரலைச் சப்பினால் நல்லது. வாய் சில்லென்று இருந்தால் ஆபத்து. உடல் சூடு 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போயிருக்கலாம்.

உலர்ந்த துணியால் துடைத்து, சாக்கு விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். தலையைத் தூக்க முடியாமல், சப்ப முடியாமல் கிடக்கும் குட்டியின் வாயில் பாலை ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குத்தான் போகும். பிறந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஆகிச் சில்லிட்ட குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரையும் தீர்ந்திருக்கும். சூடு ஏற்றும் முன்பே குளுக்கோஸ் தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் செய்யணும்.

தாய் குட்டியைச் சேர்க்காவிட்டால்?

தலையீத்து ஆட்டிடம் இது சகஜம். இரண்டையும் சின்ன அடைப்பில் ஒன்றிரண்டு நாள் தனியாக விடுங்கள். தாயைப் பிடித்து நிறுத்தி, தினமும் நாலைந்து தடவை குடிக்க விட்டால் பெரும்பாலும் பழகிவிடும். மடி சூடாக, கல் போல இருந்து, தொட்டாலே உதைத்தால் அது வெறுப்பு இல்லை, மடிநோய். வலிக்குச் சிகிச்சை கொடுங்கள்.

குட்டியை இழந்த ஆட்டிடம் அநாதைக் குட்டியைச் சேர்க்கலாம். செத்த குட்டியின் ஈரத்தையோ பனிநீரையோ இந்தக் குட்டியின் மேல் தடவினால், வாடையை நம்பி ஏற்றுக்கொள்ளும்.

நஞ்சுக்கொடி தொங்கினால் இழுக்காதீர்கள். 12 மணி நேரமாகியும் விழாவிட்டால் டாக்டர் தேவை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்

கருச்சிதைவான குட்டி, நஞ்சுக்கொடி, பனிநீர் வழியாக புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் மனிதருக்குப் பரவும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நாய்க்குப் போடக் கூடாது. ஆழப் புதைக்கணும். கர்ப்பிணிப் பெண்கள் ஈற்று வேலையில் ஈடுபடவே வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று ஆடு கரு கலைத்தால் அதை விதி என்று விடாமல், மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு மூலம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கையில் தயாராக என்ன இருக்கணும்?

தெர்மாமீட்டர், கையுறை, சோப்பு, ஜெல், டிஞ்சர் அயோடின், சுத்தமான நூல், கத்தரிக்கோல், பழைய துணி, பால் பாட்டிலும் ரப்பர் காம்பும், டார்ச். இதெல்லாம் ஒரு சின்ன டப்பாவில் அடங்கிவிடும். செலவும் அதிகமில்லை. கூடவே அருகிலுள்ள கால்நடை மருத்துவர் எண்ணையும் 1962-ஐயும் டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

அப்படியும் ஆடு இறந்தால் கை கொடுப்பது காப்பீடு. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024-ல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, பிரீமியத்தில் விவசாயியின் பங்கு 15 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். ஆட்டின் காதில் வில்லை இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். காப்பீட்டில் சேர அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம்.

குறிப்பு: இங்கே சொன்ன அளவுகள் பொதுவான வழிகாட்டுதலுக்கு மட்டுமே. ஆட்டின் எடை, சினை நிலை, பகுதியில் உள்ள நோயைப் பொறுத்து மருந்தும் தடுப்பூசி மாதமும் மாறும். எதையும் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.